சிட்டுவின் முகத்தை மறைக்க அனுமதி

குழந்தையின் அந்தரங்கத்தைக் காப்பது பெற்றோரின் தலையாய கடமை. இதை நன்கு உணர்ந்த ஒரு தாய், தன் எட்டு வயது மகள் சிட்டுவின் படத்தை வலைதளத்தில் போடும்போதெல்லாம் அவள் முகத்தின் மேல் ஒரு சூரியகாந்திப் பூவை ஒட்டிவிடுவாள். சிட்டுவுக்கு முன்பல் விழுந்திருந்த சமயம். பள்ளியில் ஏற்கெனவே "பொக்கை வாய்" என்று மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் பூ அவளுக்கும் நிம்மதிதான்.

பூ ஊரெல்லாம் தொற்றிக்கொண்டது. தக்காளி முகம், கரடி முகம் என்று தெருவில் ஒரு பிள்ளைக்கும் சொந்த முகம் மிஞ்சவில்லை. அரசு சும்மா இருக்குமா? குழந்தை அந்தரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தைத் திறந்து, முன் அனுமதியின்றி எந்த முகமும் மறைக்கப்படலாகாது என்று ஆணையிட்டது.

தாயும் மகளும் போனார்கள். உதவி இயக்குநர் தங்கமான மனிதர்.

"பாப்பா, பூ இல்லாம, பல்லு தெரிய சிரிம்மா. படம் எடுக்கணும்."

"எதுக்கு சார்?" என்றாள் தாய்.

"எதை மறைக்கிறோம்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு மாசம் எங்க பக்கத்துல போடுவோம். மறைக்கிறதுல யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லட்டும். நாலு லட்சம் பேர் பார்க்கிற பக்கம்!"

தாயின் முகம் மலர்ந்தது. அவள் பக்கத்தைப் பார்ப்பவர்கள் முந்நூறு பேர்கூடத் தேற மாட்டார்கள்.

சிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "படமே போடாம இருந்தா என்னம்மா?"

உதவி இயக்குநர் விதிமுறைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "போடாம இருக்கிறதுக்கு விதியில இடமே இல்லையே பாப்பா."

தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "போடலைன்னா உன்னை எவ்வளவு பாசமா வளர்க்கிறேன்னு யாருக்குடி தெரியும்?"

"எனக்குத் தெரியுமேம்மா" என்று சிட்டு தேம்பி அழுதுவிட்டாள்.

தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உதவி இயக்குநரும் மூக்கை உறிஞ்சினார்.

"சார், இதை எடுத்தீங்களா?"

"எடுக்காம இருப்போமா? வந்ததிலேருந்து கேமரா ஓடிட்டுத்தானே இருக்கு!"

மறுநாள் அது இயக்குநரகத்தின் விழிப்புணர்வுப் படமாக வெளிவந்தது. பொக்கை வாயும் கண்ணீரும் பளிச்சென்று தெரிந்தன. ஆட்சேபணைக் காலம் முடியாமல் எப்படி மறைப்பது?

ஒரு குழந்தையின் அந்தரங்கம் இப்படியா சந்தி சிரிக்க வேண்டும்? எனக்குப் பொறுக்கவில்லை. "அநியாயம்!" என்று எழுதி, படத்தையும் சேர்த்து, தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் உடனே அனுப்பினேன். உங்களுக்கும் வந்திருக்குமே?