மனமுவந்து கொடுத்த வீடுகள்

ஆய்வாளர் என்பவர் விருப்பு வெறுப்பைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கலாநிதி பளீல் சேர் இதை வகுப்புக்கு வகுப்புச் சொல்லுவார். அஸ்னா அதை நம்பிவிட்டாள், பாவம்.

முதுமாணிப் பட்டத்துக்கு அவள் எடுத்த தலைப்பு 'கல்முனைக் கரையோரத்தில் சீதன வீடு'. பெண்ணைக் கொடுப்பவர்கள் வீட்டையும் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் பல்கலைக்கழகம் சொன்னால்தானே அது உண்மை!

வெயிலில் கறுத்து, வீடு வீடாக ஏறி இறங்கினாள். மருதமுனை நபீலா ராத்தா வாய்விட்டே அழுதாள். "மூணும் பொட்டப்புள்ள. மூத்தவளுக்கு வயல வித்த. அடுத்தவளுக்குத் தறிய வித்த. கடைசிக்காரிக்கு என்னத்தப் புள்ள விக்கிற, என்னையா?"

சீதன வீடு பெற்றோரை நொறுக்குகிறது என்று முடிவை எழுதி, அஸ்னா சேரின் வீட்டுக்குக் கொண்டு போனாள். மாடி வீடு. சேரின் மனைவி லைலாவின் வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்தது.

சேர் வாசித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "இதில பக்கச்சார்பு இரிக்கி புள்ள."

"எங்க சேர்?"

"உன்னிலதான். நீ கலியாணம் முடிக்காத பொண். பாதிக்கப்படப்போற ஆள் எழுதினா அது ஆய்வில்ல, முறைப்பாடு."

"அப்ப ஆரு சேர் எழுதுற?"

"தேவை முடிஞ்ச ஆள். என்னப் பாரு. எனக்கு வீடு கிடைச்சி எவ்வளவு காலம்! இனி எனக்கென்ன விருப்பு, வெறுப்பு?"

"நபீலா ராத்தா அழுதாவே சேர்!"

"மகள்ற கலியாணத்தில அழாத உம்மா ஆரு? ஆனந்தக் கண்ணீர் எண்டு வகைப்படுத்து."

அஸ்னாவுக்கு அந்த மாடியிலிருந்து ஆய்வேட்டைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் சேரின் கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் விரிவுரையாளர் வேலை இல்லை. வாயை மூடிக்கொண்டு திருத்தினாள்: 'பெற்றோர் மனமுவந்து வீடுகளை அன்பளிப்புச் செய்கின்றனர்.'

"மாஷா அல்லாஹ்! இதுதான் நடுநிலை," என்றார் சேர். "வெச்சிட்டுப் போ. கையெழுத்த உங்கட வீட்ட வந்தே போடுறன்."

சொன்னபடி வந்தார். கூடவே மனைவி லைலாவும் ஒரு தட்டம் மஸ்கட் அல்வாவும் வந்தன. இஞ்சினியர் மகனுக்குப் பெண் கேட்கிறார்களாம். எல்லாம் இனிப்பாகத்தான் போனது, சேர் "வீடு மாடியா இரிந்தா நல்லம்" என்று சொல்லும்வரை.

அஸ்னாவின் வாப்பா றவூப் கையை விரித்தார். "சேர், இரிக்கிறது ஒரே ஒரு வயல்..."

சேர் ஆய்வேட்டை விரித்தார். "நான் சொல்லல்ல. உங்கட மகள்தான் கண்டுபிடிச்சிரிக்கா, மனமுவந்து குடுக்கிறீங்களாம். கல்வியை மறுக்கலாமா?"

கையெழுத்துப் போடும் இடம் இன்னும் வெறுமையாகத்தான் கிடந்தது. பேனை சேரின் விரலிடுக்கில் இருந்தது.

றவூப் மகளைப் பார்த்தார். "மெய்யா மகள்? நாம மனமுவந்தா குடுக்கிற?"

அஸ்னா பேனையைப் பார்த்தாள். "ஓம் வாப்பா."

சேர் கையெழுத்துப் போட்டார். றவூப் குனிந்து அந்தப் பக்கத்தை ஒரு தடவை வாசித்தார். பிறகு அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது.

"அந்தப் பக்கத்த எனக்கும் ஒரு போட்டோக் கொப்பி எடுத்துத் தா மகள். உன்ட நானா, நம்மட மூத்தவனுக்கு அட்டாளைச்சேனையில பொண் பேசப் போறம். அவங்க மாடி தர ஏலாதெண்டு அழுறாங்களாம்."