மூன்றாம் தடத்து நாய்

சுங்கச்சாவடியின் மூன்றாம் தடத்தில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் இரண்டு முறை விரட்டிப் பார்த்துவிட்டார். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து, இந்த ரோட்டில் இருப்பதே நாம் இரண்டு பேர்தானே என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

ரோடு அரசாங்கத்தினுடையது; போட்டது தனியார் கம்பெனி. செலவழித்ததைச் சுங்கம் வசூலித்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. பக்கத்திலேயே ஓடும் பழைய ரோட்டில் சுங்கம் கிடையாது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. இப்போது கம்பெனி ரோட்டைக் கைமாற்றிவிடப் பார்க்கிறது. வாங்க நினைக்கும் முதலீட்டாளர் இன்று காலை நேரில் வருகிறார். அவர் வாங்காவிட்டால் சாவடிக்குப் பூட்டு என்பது மேலாளரின் கணக்கு.

மேலாளர் இதற்குமுன் வேலை பார்த்த இரண்டு கம்பெனிகளும் பூட்டப்பட்டவை. மாமனார் வீட்டில் அவருக்கு அதனால் ஒரு தனிப் புகழ் உண்டு. மனைவி நேற்றுதான் புது வாடகை வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைத்து மாட்டியிருந்தாள். அவற்றைக் கழற்றச் சொல்ல வேண்டி வருமோ என்று அவர் விடிந்ததிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"எதையும் மாத்தாதீங்க. இருக்கிறதை இருக்கிறபடியே அவர் பாக்கட்டும்."

தலைமை அலுவலகம் எதையும் நேராகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. மேலாளர் குறிப்பறிந்துகொண்டு, மினி லாரி ஓட்டும் மச்சினனைக் கூப்பிட்டார்.

"சும்மா இந்தப் பக்கம் போயிட்டு அந்தப் பக்கம் வரணும். அவ்வளவுதான்."

"சுங்கம் கேப்பீங்களா மாமா?"

"இன்னிக்கு யாருக்கும் கிடையாது."

முதலீட்டாளர் காரிலிருந்து இறங்கினார். பின்னாலேயே ஒப்பந்தக் கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டு ஒரு உதவியாளர் பெண். முதலீட்டாளர் குனிந்து தார் விளிம்பைப் பார்த்தார்.

"புல்லெல்லாம் முளைச்சிருக்கே."

"வெட்டச் சொல்லியிருக்கேன் சார். வண்டி நிக்காம ஓடுதா, ஆளுங்க ரோட்டுல இறங்கவே முடியல."

முதலீட்டாளர் நாயைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இது தினமும் இங்கதான் தூங்குமா?"

"சேச்சே, எங்கேருந்தோ வழிதவறி வந்திருக்கு சார்."

பேனா பைக்குள் திரும்பிப் போனது. நல்லவேளையாக அப்போது மச்சினனின் மினி லாரி, மேலே ஒரு சிவப்பு சோபாவுடன், இரைந்துகொண்டு கடந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடி போனது.

"இந்த ஊர்ல எல்லாரும் சிவப்பு சோபாதான் வாங்குவாங்களா?" என்றார் முதலீட்டாளர்.

மேலாளர் கழிப்பறைக்குள் புகுந்து போன் போட்டார்.

"சோபாவை எங்கயாவது இறக்கித் தொலைடா. வேற வேற வண்டி வேணும். உன் கூட்டாளிங்களைக் கூப்பிடு."

மச்சினன் சொன்ன பேச்சைக் கேட்கிறவன். கூட்டாளிகளிடம் இன்றைக்குச் சுங்கம் இல்லை என்றான். அவர்கள் அதை ஊருக்கே சொன்னார்கள். சற்று நேரத்தில் பழைய ரோடு காலியாகி, அதிலிருந்த லாரி, பஸ், வேன், டிராக்டர் அத்தனையும் புது ரோட்டில் வந்து நின்றன. மேலாளர் பதறிப்போய் எல்லாத் தடுப்புகளையும் தூக்கச் சொன்னார். ஆறு தடத்து வண்டியும் ஒரே நேரத்தில் பாய்ந்ததில், சாவடிக்கு அந்தப் பக்கம் ஊசி நுழைய இடமில்லை. நாய் எழுந்து, சோம்பல் முறித்து, காலியாகக் கிடந்த பழைய ரோட்டைப் பார்த்து நடந்தது.

முதலீட்டாளரின் முகம் வெளுத்திருந்தது.

"தினமும் இப்படித்தானா?" என்று ஹாரன்களுக்கு மேல் கத்தினார்.

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி சார்," என்றார் மேலாளர் பெருமையாக.

முதலீட்டாளர் கை கொடுக்கவில்லை. நகர முடியாத காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மேலாளருக்கு ஜன்னல் திரைகள் கண்முன் ஆடின.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்? இவ்வளவு வண்டி எந்த ரோட்டுலம்மா ஓடுது?" என்று உதவியாளரிடம் கேட்டார்.

அவள் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். இரக்கத்தோடு அவரைப் பார்த்தாள்.

"வண்டி வராத வரைக்கும் வரவேண்டிய மொத்த வசூலையும் அரசாங்கமே கட்டிடும், ரோடும் தேயாதுன்னு ஒப்பந்தத்தைப் படிச்சிட்டுத்தான் வாங்க வந்தார் சார், அந்த நாயைப் பாத்ததும் கையெழுத்துப் போடத்தான் பேனாவையே எடுத்தார்."