ஒரு சொட்டும் ஒழுகாத பதினெட்டு உறைகள்

முப்பத்திரண்டு வருடம் ஒரே வேலையைச் செய்தவனிடம் வேறு எந்த வேலையைக் கொடுத்தாலும், அவன் அந்தப் பழைய வேலையைத்தான் செய்வான். இதை ஓய்வு பெறுகிற அன்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். எனக்குச் சுவர்க் கடிகாரம்தான் கொடுத்தார்கள்.

ஹைதராபாத் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கருவிகளை வைத்து மூடும் உலோகப் பெட்டிகளுக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் தண்ணீரில் முக்கி வைத்து, இருபத்துநான்கு மணி நேரம் கழித்து எடுத்துத் திறந்து, உள்ளே விரலால் தடவிப் பார்ப்பேன். ஈரம் பட்டால் பெட்டி வந்த வழியே திரும்பிப் போகும். அப்படி நான் திருப்பி அனுப்பியவை நானூற்றுப் பதினொன்று. (எண்ணினீர்களா என்று கேட்காதீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.)

இப்போது எனக்கு எழுபத்தொன்று. சொல்லப்போவது பதினோரு வருடம் முன்பு, ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தபோது நடந்தது. மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் என் மனைவி வசந்தா பதினெட்டுத் தொட்டிகளில் செடி வளர்த்து வந்தாள். அவற்றில் ஒன்று அடீனியம். அடி பானைபோலப் பருத்து, மேலே கிளை விட்டு, அடர்ந்த இளஞ்சிவப்பில் பூக்கும் செடி. அதற்கும் ஒன்பது வருடம் முன்பு விதை போட்டு வளர்த்தது. எங்கள் மகன் செந்திலுக்குக்கூட அவள் அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

எங்கள் காலனியில் வருடா வருடம் மார்ச் மாதம் மாடித் தோட்டப் போட்டி நடக்கும். ஏழு வீடுகள் கலந்துகொள்ளும். வசந்தா தொடர்ந்து நான்கு வருடம் இரண்டாம் பரிசு. நான்காவது முறை நடுவராக வந்த சுசீலா மேடம் (தாவரவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்) காரணத்தை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: செடிகளுக்கு முழு மார்க், ஆனால் தொட்டிகள் கண்ணுக்கு லட்சணமாக இல்லை, தரையெல்லாம் சேற்றுத் தண்ணீர். உண்மைதான். ஐந்து மண் தொட்டி, நான்கு சிமெண்ட் தொட்டி, மீதி ஒன்பதும் பழைய பெயிண்ட் டப்பா.

"அடுத்த வருஷம் எல்லாத் தொட்டிக்கும் அழகா ஒரு கவர் போட்டுடணும்" என்றாள் வசந்தா. "இந்தத் தடவை ஃபர்ஸ்ட் வாங்கலைன்னா இனிமே நான் பேரே குடுக்க மாட்டேன்."

அந்த அடுத்த வருடம் போட்டிக்குச் சரியாகப் பதினாறு நாள் முன்பு, அவள் தங்கை மகள் கல்யாணத்துக்காகச் சென்னை கிளம்பினாள். போட்டி நடக்கிற ஞாயிறு காலை திரும்பி வருவதாகத் திட்டம்.

"கவரை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் பெட்டியை மூடாமல் என்னையே பார்த்தாள். "துணி எடுத்துத் தைக்கக் குடுத்தா போதுங்க. ரொம்ப யோசிக்காதீங்க. செடிக்குத் தண்ணி ஊத்தறப்ப, அடியில தண்ணி எட்டிப் பாக்கற வரைக்கும் ஊத்துங்க. பாத்துதுன்னா நிறுத்திடுங்க. அடீனியத்துக்கு மட்டும் நாலு நாளைக்கு ஒரு தடவை. புரிஞ்சுதா?"

புரிந்தது. எழுதியும் வைத்துக்கொண்டேன்.

துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பதா? பதினெட்டுத் தொட்டிகளையும் வாய், இடுப்பு, அடி என்று மூன்று இடங்களில் அளந்தேன். ஐம்பத்துநான்கு அளவுகள். எந்த இரண்டு தொட்டியும் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரைபடம் போட்டேன். மேலே அகன்று கீழே குறுகும் வடிவத்தைத் தட்டையாக விரித்தால் விசிறிபோல வரும். அதன் வளைவைக் காம்பஸில் போட மூன்று நாள் ஆயிற்று. அழகுக்காக ஒவ்வொரு உறையின் நடுவிலும் பதினாறு இதழ் வைத்து ஒரு தாமரை. இதழ்களைச் சமமாகப் பிரித்து, முனைகளைத் துல்லியமாக வெட்டியதில் அது பல்சக்கரம்போல் வந்தது. (செந்தில் பெங்களூரிலிருந்து போட்டோவில் பார்த்துவிட்டு, "இது எந்த மெஷின் பார்ட்டுப்பா?" என்று கேட்டான்.)

தரையில் சேற்றுத் தண்ணீர் என்பதுதானே இரண்டாவது குறை? அதை நான் எளிதாகத் தீர்த்தேன். துணி ஈரத்தை உறிஞ்சும், ஆகவே ரெக்சின். பக்கவாட்டில் மட்டும் சுற்றினால் அடியில் ஒழுகும். ஆகவே அடியும் மூடியிருக்க வேண்டும். தையல் போட்ட இடத்தில் ஊசித் துளை இருக்கும்; ஆகவே பஞ்சர் ஒட்டும் பசை. வாயில் எலாஸ்டிக், தொட்டியை இறுக்கிப் பிடிக்க.

லாலாகுடா பக்கம் ஸ்கூட்டர் சீட் கவர் தைக்கும் யூசுஃப் பாயிடம் பதினெட்டு வரைபடங்களையும் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாப், நீச்சே பீ பந்த்?" என்றார். அடியும் மூடலா என்று கேட்கிறார்.

"ஹவ்" என்றேன், ஆமாம் என்று.

"கைக்கு? கம்லே கு சாஸ் நக்கோ க்யா?"

ஏன், தொட்டி மூச்சு விட வேண்டாமா என்று ஒரு சீட் கவர் தைக்கிறவர் என்னைக் கேட்டார். முப்பத்திரண்டு வருட அனுபவத்தோடு சிரித்து, "ஒரு சொட்டு வெளியே வரக்கூடாது பாய், அதுதான் டிசைன்" என்று உடைந்த ஹிந்தியில் விளக்கினேன். "ஆப் கி மர்ஜி சாப்" என்று கத்தரியை எடுத்தார். உங்கள் இஷ்டம் என்று சொல்கிறவர்கள் எதையோ கண்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

பதினெட்டும் வந்தன. குளியலறையில் வரிசையாக நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, இருபத்துநான்கு மணி நேரம் வைத்தேன். இரண்டில் லேசாகக் கசிந்தது. திரும்பப் பசை தடவி, திரும்பச் சோதனை. பிறகு பதினெட்டும் தேர்ச்சி. அன்று நான் குளிக்கவில்லை. ஆனால் நான்கு மாதத்தில் அவ்வளவு நிம்மதியாக இருந்ததும் இல்லை.

ஏழாம் நாள் காலை உறைகளைத் தொட்டிகளுக்கு மாட்டினேன். அளவு அப்படியே உட்கார்ந்தது. பிறகு தண்ணீர் ஊற்றினேன்.

முதல் ஆறு நாள், ஒரு தொட்டிக்கு இரண்டு மக் ஊற்றினால் அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது; நிறுத்தினேன். ஏழாம் நாள் இரண்டு மக்குக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாவது மக். வரவில்லை. நான்காவது. தரை சுக்குப்போலக் காய்ந்து கிடந்தது. வெயில் ஏறிவிட்டது, மண் இழுக்கிறது என்று முடிவு செய்து நோட்டில் குறித்தேன். தினமும் இதே கதை. அதற்கு மேல் ஊற்ற மனம் வராமல் நான்கோடு நிறுத்திக்கொண்டேன். தொட்டியை நகர்த்தப் போனால் பாறாங்கல்லாகக் கனத்தது. செடி நன்றாக வளர்கிறது என்று அதையும் குறித்தேன்.

(நோட்டு இன்னும் இருக்கிறது. வசந்தா அதைத் தூக்கிப் போட விடுவதில்லை.)

ஞாயிறு காலை எட்டரைக்கு வசந்தா செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் நேரே மாடிக்குப் போனாள். ஒரே பச்சையில் பதினெட்டு உறைகள், வரிசையாக. தரையில் ஒரு சொட்டு இல்லை.

"பரவாயில்லைங்க" என்றாள். "நெஜமாவே அழகா இருக்கு."

கல்யாணம் ஆகி முப்பத்துநான்கு வருடத்தில் என் கைவேலையை அவள் பாராட்டியது அது மூன்றாவது முறை. அடுத்த வாக்கியமே, "செம்பருத்தி ஏன் இப்படி மஞ்சளடிச்சிருக்கு?" என்று வந்தது.

"வெயில்."

"என்னமோ நாத்தம் அடிக்குதே?"

"பக்கத்து வீட்டுச் சாக்கடை."

அதற்குள் நடுவர்கள் மூன்று பேரும் படியேறி வந்துவிட்டார்கள். வசந்தா அவசரமாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். சுசீலா மேடம் உறைகளைப் பார்த்து, "சால பாகுந்தண்டி!" என்று வியந்தார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றால் எனக்குத் தெலுங்கில் உடனே புரியும். பேனாவைத் திறந்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். அடீனியத்தின் அருகே குனிந்து, பருத்த அடிப்பகுதியை ஒரு விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. பழுத்த வாழைப்பழத்தில் போகிற மாதிரி.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அடுகுன ஹோல் லேதா?"

அடியில் ஓட்டை இல்லையா என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்காகத்தான் நான் பதினாறு நாளாகக் காத்திருந்தேன். "இல்லை மேடம்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "ஒரு சொட்டு ஒழுகாது. டெஸ்ட் பண்ணியாச்சு."

மேடம் எலாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தார். உறை சரிந்தது. ஒன்பது நாள் தண்ணீர், கறுத்து, நாற்றத்தோடு, முதலில் அவர் செருப்பிலும் பிறகு மற்ற இரண்டு நடுவர்களின் செருப்பிலும் கொட்டியது. ஆறு செருப்புகள்.

வசந்தா உட்கார்ந்து ஒவ்வொரு உறையாகக் கழற்றத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பதினெட்டாவதைக் கழற்றியபோது தண்ணீர் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அடீனியத்தைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். செடி கையோடு வந்தது, வேர் வரவில்லை.

"ஒன்பது வருஷங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏழு வீடுகளில் ஏழாவது இடம். செத்தவை பதினொரு செடிகள். அடீனியத்தில் அழுகாத கிளை இரண்டு இருந்தது. அவற்றை வெட்டி, நிழலில் காயவைத்து, மணலில் நட்டாள். ஒன்று பிழைத்தது. அது பூக்க மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடமும் மாடிக்கதவின் சாவி அவளிடம் இருந்தது. நான் கேட்கவும் இல்லை.

பூத்த பிறகு சாவி கொடுத்தாள், ஒரு நிபந்தனையோடு: நான் தண்ணீர் ஊற்றும்போது அவள் பக்கத்தில் நிற்பாள். இன்றுவரை நிற்கிறாள். செந்தில் குடும்பத்தோடு ஹைதராபாத்துக்கே மாற்றலாகி வந்து, இப்போது எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவனுடைய பெண்ணுக்கு ஆறு வயது. நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும். போன வாரம் வாசலில் யாரோ என்னைத் தேடி வந்தார்கள். "தாத்தா மாடியில இருக்கார், செடிக்குத் தண்ணி ஊத்தறார்" என்று மருமகள் சொன்னது எனக்கு மேலேயே கேட்டது.

பொம்மையைக் கீழே போடுகிற சத்தம். பிறகு படிக்கட்டில் ஓடி வருகிற சின்னக் கால்களின் சத்தம். கூடவே பேத்தியின் குரல்:

"ஒக்கரேனா?"

தனியாகவா என்று கேட்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விவகாரம் நடந்தபோது அவள் பிறந்திருக்கவே இல்லை.