வீடு மாறிய செவ்வாய்

“கட்டத்துக்குள்ள கட்டமா இருக்கே. இதுல குரு எங்கன இருக்காரு?”

பாலசுப்பிரமணியன் அண்ணாச்சி ஜாதகத் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். பன்னிரண்டு வீடும் ஒழுங்காக இருந்தன. உள்ளே கிரகங்களின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் குட்டிக் குட்டிச் சதுரங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“என் லேப்டாப்புல சரியாத்தான் வருது அண்ணாச்சி” என்றாள் சித்ரலேகா.

“உன் லேப்டாப்பையா வீடு வீடா அனுப்ப முடியும்?”

வண்ணார்பேட்டை மாடியில் அண்ணாச்சி நடத்திவந்த திருமணத் தகவல் மையத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள்தான். எங்கோ இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வரில், திரையே இல்லாத ஒரு பிரவுசர் ஜாதகப் பக்கத்தைத் திறந்து, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் அனுப்பிவிடும். அந்த சர்வரில் பேருக்குக்கூட ஒரு தமிழ் எழுத்துரு கிடையாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஒன்றை ஏற்றினாள். சதுரங்கள் போய் எழுத்து வந்தது. ஆனால் கொம்பெல்லாம் கழன்று எங்கெங்கோ நின்றன.

“சவ்வாய்னு ஒரு கிரகம் உண்டா?” என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் போனில் கேட்டார்.

வேறொரு எழுத்துருவை ஏற்றினாள். இந்த முறை கொம்பு, கால், புள்ளி எதுவும் பிசகவில்லை. எழுத்து கொழுகொழுவென்று இருந்தது.

“கண்ணாடி போடாமலே வாசிக்க முடியுதே” என்று அண்ணாச்சி சந்தோஷப்பட்டார்.

அந்த மாதம்தான் சித்ரலேகாவுக்கும் ஒரு வரன் அமைந்தது. அவளுக்கு எட்டில் செவ்வாய். தோஷத்துக்குத் தோஷம் பொருந்தினால்தான் ஆகும் என்று அவள் அம்மா அன்னத்தாய் தேடாத இடமில்லை. வந்தவன் ஒன்று தோஷம் இல்லாதவனாக இருந்தான், இல்லையென்றால் அவனே ஒரு தோஷமாக இருந்தான். கடைசியில் மகள் வேலை பார்க்கும் மையத்திலேயே கல்லிடைக்குறிச்சி சிவசைலத்தின் ஜாதகம் கிடைத்தது. ஏழில் செவ்வாய்.

பெண் பார்க்க வந்தவனிடம் சித்ரலேகா கொம்பு கழன்ற கதையைச் சொன்னாள். காப்பி புரையேறும் அளவுக்குச் சிரித்தான். அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆவணியில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள்.

அதற்கடுத்த வாரம் மையத்தில் போன் ஓயவில்லை.

“அக்கா, ஒரு அம்மா அழுவுதாவ” என்று போன் எடுக்கும் ஸ்வீட்லின் வந்து நின்றாள். “அவிய மவளுக்குச் செவ்வாய் தோஷமே கிடையாதாம். நம்ம தாள்ல மட்டும் இருக்காம்.”

சித்ரலேகா தாளை உற்றுப் பார்த்தாள். கொழுத்த எழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஒரே வீட்டில் மூன்று நான்கு கிரகம் சேர்ந்துவிட்டால், கடைசி ஆள் கோட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் போய் விழுந்தார். அவள் எழுதியிருந்த வரிசையில் கடைசி ஆள் செவ்வாய்.

அவசரத்துக்கு எழுத்தைச் சிறிதாக்கி, பெயர்களையும் முதலெழுத்தாக வெட்டினாள். செவ்வாய் வீடு திரும்பினார். ஆனால் சூரியனின் ‘சூ’வும் சுக்கிரனின் ‘சு’வும் ஒரே மாதிரித் தெரிந்தன.

“இந்தப் பையனுக்கு ரெண்டு சூரியனா, ரெண்டு சுக்கிரனா?” என்று பாளையங்கோட்டை ஜோசியர் ஒருவர் நேரிலேயே வந்து கேட்டார்.

“இப்படியே போனா மையத்தைப் பூட்டிட்டு நாம அல்வா விக்கப் போகலாம்” என்றார் அண்ணாச்சி. திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

அப்புறம்தான் அவள் வேரைத் தேடி உட்கார்ந்தாள். ஜாதகப் பக்கத்துக்கென்று அவள் தேர்ந்தெடுத்த மெல்லிய எழுத்துரு இணையத்திலிருந்து வந்து சேருமுன்பே, அந்தத் திரையில்லாப் பிரவுசர் அவசரப்பட்டு, சர்வரில் கைக்குக் கிடைத்த எழுத்தில் பிடிஎஃப் எடுத்துக்கொண்டிருந்தது. ‘எழுத்துரு வரும்வரை பொறு’ என்று ஒரு வரி சேர்த்தாள். அவ்வளவுதான் விஷயம். எல்லாம் முத்து முத்தாக வந்தன.

சரிபார்க்க ஒவ்வொன்றாகத் திறந்தாள். சிவசைலத்தின் ஜாதகத்தில் செவ்வாய் ஆறாம் வீட்டில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். தோஷம் இல்லை.

அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

“திருத்தின தாளை எல்லாருக்கும் அனுப்பிரும்மா” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கிளம்பினார். ஒருவர் பாக்கியில்லாமல் அனுப்பினாள், கல்லிடைக்குறிச்சியைத் தவிர. அங்கே மட்டும் விரல் போகவில்லை. ஆனாலும் பொய்யான ஒரு செவ்வாயை நம்பிப் போய்க் குடித்தனம் நடத்த அவளுக்கு மனசு வரவில்லை. போன் செய்தாள். சிவசைலத்தின் அம்மாதான் எடுத்தார்.

“அத்தை, உங்களுக்கு வந்த ஜாதகம் தப்பு. எழுத்து பெருசா இருந்ததால செவ்வாய் அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. உங்க பிள்ளைக்குத் தோஷம் கிடையாது. எனக்கு உண்டு. எல்லாம் என் தப்புதான். நீங்க வேற இடம் பாக்கணும்னாலும் பாத்துக்கிடுங்க.”

அந்தப் பக்கம் ஒரு கதவைப் பையச் சாத்துவது கேட்டது. அத்தையின் குரல் தணிந்து வந்தது.

“பெத்த பிள்ளைக்குச் செவ்வாய் எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாதா தாயி? மாமா அச்சுல இருக்கதைத்தான் நம்புவாவ, அதனால கல்யாணம் முடியுத வரைக்கும் எங்க வீட்டுத் தாளை மட்டும் அந்தக் கொழுத்த எழுத்துலயே விட்டுரு.”