விரல் சொடுக்கும் நேரம்

"ஒரு நொடின்னு சொல்லிட்டு அந்தம்மாவ அரை மணி நேரம் போன்ல தொங்க விட்டிருக்கீங்க," என்றார் மேற்பார்வையாளர். "நொடின்னா என்னன்னு தெரியுமா?"

ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார் அறையில் போன் எடுக்கும் நான்கு பெண்களும் குனிந்து புகார் நோட்டைப் புரட்டினார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்குத் 'துல்லியம்' என்று பெயர். தெரியாது என்றால் விளக்குவார். தெரியும் என்றால் திருத்துவார்.

"விரலைச் சொடுக்குற நேரம். அவ்வளவுதான்."

சொடுக்கிக் காட்டினார். இரண்டாவது தடவைதான் சத்தம் வந்தது.

அவர் வேலை இன்னும் தற்காலிகம். மாதக் கடைசிக்குள் புகார் குறைந்தால் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். நிரந்தரமாகாத மருமகனை "வாங்க" என்று கூப்பிடவே மாமனார் வீட்டில் யோசித்தார்கள். மெக்கானிக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டலாமே என்று யாரோ சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தையைத் திருத்தினால் ஊரே திருந்திவிடும் என்று நம்பினார்.

இனிமேல் "ஒரு நொடி" என்று சொன்னால் விரலைச் சொடுக்கி, அது முடிவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

பெண்கள் சொடுக்கினார்கள். சத்தம் எதிர்முனைக்குக் கேட்டது. நாயையா கூப்பிடுகிறீர்கள் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கேட்டார். ஐஸ்கிரீம் உருகிப்போன கடைக்காரர் கேட்டதை எழுத முடியாது. ஃபிரிட்ஜ் புகாரோடு சொடுக்குப் புகாரும் சேர்ந்துகொண்டது.

நால்வரில் மூத்தவளான பெரியக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"யாரும் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு போன் பண்றதில்ல சார். அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தான் அவங்க கோவத்த ஆத்திக்கிட்டிருந்தோம். அதையும் பிடுங்கிட்டீங்க."

"பொய் சொல்லி ஆத்துறதா?"

அந்த வார்த்தையையே ஒழித்தார். உண்மையான நேரத்தை மட்டும் சொல்லச் சொன்னார். மெக்கானிக் வர மூன்று வாரமாகும் என்று பெண்கள் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். ஒருவர் கெட்டுப்போன மீனோடு நேரிலேயே வந்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். துல்லியம் மசியவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

கொஞ்சங்கொஞ்சமாக போன் குறைந்தது. மாதக் கடைசியில் ஒரு மணிகூட அடிக்கவில்லை. ஊர் வேறு கம்பெனி ஃபிரிட்ஜுக்கு மாறியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. உண்மைக்கு எவ்வளவு மரியாதை பார்த்தாயா என்று மனைவிக்கு போன் செய்தார். மாமனாரைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னார்.

புகாரே இல்லை என்று முதலாளிக்குத் தகவல் அனுப்பினார். மறுநாள் காலை பெண்கள் நால்வரையும் கீழே முதலாளி அறைக்கு வரச் சொன்னார்கள். பாராட்டத்தான் என்று எண்ணி, துல்லியம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார்.

மதியம் பியூன் இரண்டு சுமைதூக்கிகளோடு வந்தார்.

"என் நிரந்தர ஆர்டர் வந்துடுச்சா?"

"ஆர்டர் வந்துடுச்சு சார். புகாரே இல்லாத கம்பெனிக்குப் புகார் ரூம் எதுக்குன்னு முதலாளி கேட்டுட்டார். விற்பனை படுத்துடுச்சாம், அக்காங்கள அங்க மாத்தியாச்சு. கொஞ்சம் எந்திரிங்க, இந்த நாற்காலியக் குடோன்ல போடச் சொல்லியிருக்காங்க. உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல."