நூலின் மேல் உட்கார்ந்த தவளை

அழிந்துவரும் உயிரினங்களை நினைத்து உலகமே கவலைப்படுகிறது. நீங்களும் படுகிறீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் எந்த வெள்ளத்திலும் வறட்சியிலும் அழியாத ஓர் இனம் உண்டு. அதுதான் 'மேலும் ஆய்வு தேவை' ஆசாமி.

அடையாளம் காண்பது சுலபம். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் பைனாகுலர், வாயில் எப்போதும் ஓர் 'இருக்கலாம்'. மழை பெய்கிறதா என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டால், நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே "வாய்ப்பு இருக்கு" என்பார். உப்பு சரியா என்று கேட்டுவிடாதீர்கள். தட்டைக் காலி செய்த பிறகும், ஒரு தட்டை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பார்.

இந்த இனத்தின் அருமையான மாதிரி ஒருவர், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். 'தவளை டாக்டர்' என்பார்கள். நிலையத்தின் பின்புறக் குளத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு வகைத் தவளை. அந்த மண்ணைத் தவிர வேறெங்கும் கிடையாது. அது எத்தனை இருக்கிறது என்று கணக்கெடுக்கத் தொடங்கியபோது டாக்டருக்குத் தலைமுடி கறுப்பு. கரையில் நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் எண்ணுவது அவர் முறை. வெளியே இருக்கும் தவளை அவர் பூட்ஸ் மேலேயே ஏறி உட்கார்ந்து கத்தினாலும் சரி, அவரைப் பொறுத்தவரை அது வெறும் வதந்தி.

ஒருநாள் அலுவலக மேலாளர் மூச்சிரைக்க வந்தார்.

"சார், குளத்தைத் தூர்த்துட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணப் போறாங்களாம். நாளைக்குக் கூட்டம். அந்தத் தவளை இங்க இருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, நிறுத்திடலாம்."

அந்தக் குளத்தின் மேல் டாக்டருக்கு உயிர். விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். தவளை இருந்தது. எங்கே? சரியாக நூலின் மேல். முன்னங்கால் சதுரத்துக்கு உள்ளே, பின்னங்கால் வெளியே.

"கொஞ்சம் உள்ள வாடா கண்ணு," என்று மண்டியிட்டுக் கெஞ்சினார். விரலால் லேசாகத் தள்ளியிருக்கலாம். ஆனால் ஆய்வாளர் ஆய்வுப்பொருளைத் தள்ளலாமா? முறை என்ன ஆவது? தவளை அவரை நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் குதித்தது.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கண்ணால பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்த்தேன்."

"அதை எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?"

"பார்க்கிறது வேற, பதிவு பண்றது வேற. அரைத் தவளையை எப்படிம்மா எழுதுறது?"

மறுநாள் கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "தவளை இருப்பதை மறுப்பதற்கில்லை; எனினும் உறுதிசெய்ய மேலும் ஆய்வு தேவை." நிலையத் தலைவருக்கு முகமெல்லாம் பல். "தாராளமா ஆய்வு பண்ணுங்க சார், யார் வேண்டாம்னா?" என்றார். அடுத்த வாரமே லாரி லாரியாக மண் வந்து இறங்கியது.

டாக்டர் விடவில்லை. மறுபடியும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை நூல் கட்டும் வேலைகூட மிச்சம். வண்டிகளுக்காக வெள்ளைக்கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்தே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குனிந்து, ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் பார்த்தார். பிறகு வாழ்நாளில் முதல்முறையாக, ஓர் 'இருக்கலாம்' கூடச் சேர்க்காமல் எழுதினார்: 'இல்லை.' எழுதி முடித்ததும் யாருடைய காரின் மேலோ சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சரியான அசடு என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றாரே, "நீங்கதான் நேர்ல பார்த்தீங்க, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாரே? யோசித்துச் சொல்கிறேன் என்றீர்கள்.

அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். நீங்கள் யோசித்து முடித்துவிட்டீர்களா?