தோத்த புக்கு மட்டும் குடுங்க

மரியாதைக்குரிய மச்சான் ஸ்டீவன் அவர்களுக்கு,

கும்மிடிப்பூண்டியிலிருந்து வரதன் வணக்கத்துடன் எழுதுவது. தேவன் கிருபையால் நானும் மகள் ஷைனியும் நலம். திருநின்றவூரில் தாங்களும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் தங்கை விக்டோரியா நலமா என்பது தெரியவில்லை. வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்.

பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி அவள் எழுதிய நாவல், சென்னையில் ஒரு அறக்கட்டளைப் பரிசின் இறுதிப் பட்டியலில் ஐந்தில் ஒன்றாக வந்தது தாங்கள் அறிந்ததே. போன மாதம் விழா. கிணறு வெட்டும் ஆளைப் பற்றி யாரோ ஒரு வாத்தியார் எழுதிய நாவலுக்குப் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது ரயிலில் பொன்னேரி வரைக்கும் இவள் பேசவில்லை. பொன்னேரி தாண்டியதும், "இனிமே எழுதல" என்றாள். மறுநாள் நோட்டுகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாள். அதிலிருந்து உப்பு போதுமா, குழம்பு வேணுமா, அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு மனசு கேக்கல மச்சான். தோத்ததெல்லாம் மட்டமா, இல்ல நடுவருங்களுக்குத்தான் கண்ணு தெரியலயான்னு பாத்துடலாம்னு பொன்னேரி லைப்ரரிக்குப் போனேன். முன்வருஷப் பட்டியல்ல வந்து பரிசு வாங்காத நாவலா குடுங்கன்னேன். லைப்ரரியன் ஆதிகேசவன் கண்ணாடிய எறக்கிப் பாத்தாரு. "ஜெயிச்சதும் இருக்கு சார்." "வேணாம். தோத்த புக்கு மட்டும் குடுங்க." "ஊட்ல எதுனா பேஜாரா சார்?"னு கேட்டுக்கினே நாலு எடுத்துக் குடுத்தாரு. ரயில்ல ஒண்ணத் தொறந்தேன். கும்மிடிப்பூண்டி வந்துச்சாம், எல்லாரும் எறங்கினாங்களாம், அதே ரயிலு திரும்பிப் பொறப்பட்டுச்சாம், நான் தலையத் தூக்கினா எதிர்ல மறுபடியும் பொன்னேரி போர்டு. ரெண்டாவது புக்கு அத விட மோசம். கம்பெனி கேண்டீன்ல நாஷ்டா துன்னுக்கினே படிச்சிக்கினு இருந்தேன், எரநூத்திப் பன்னண்டாம் பக்கத்துல போஸ்ட்மேன் முனிரத்தினம் செத்துட்டாரு. அவ்ளோ நல்ல மனுஷன் மச்சான். எனக்குத் தேம்பித் தேம்பி அழுகை. சூப்பர்வைசர் பரசுராமன் ஓடி வந்து, "இன்னா ஆச்சு வரதா?"ன்னாரு. "முனிரத்தினம் போய்ட்டாரு சார்"னேன். நான் ஓட்டற ஃபோர்க்லிஃப்ட் சாவிய வாங்கிக்கினு லீவு குடுத்து அனுப்பிட்டாரு. சாயங்காலம் பாத்தா ஆறு பேரு ரோஜா மாலையோட நம்ம வாசல்ல. கதவத் தொறந்தது உங்க தங்கச்சி. "எப்ப எடுக்கறாங்கம்மா?"ன்னு கேக்கறாங்க. நான் புக்கக் காட்டினேன். பரசுராமன் மாலைய அது மேல வெச்சிட்டுப் போய்ட்டாரு. இன்னும் எங்கிட்ட சரியாப் பேசறதில்ல. விக்டோரியா சிரிக்கல. மாலைய நகத்தி வெச்சிட்டு, புக்க எடுத்துக்கினு உள்ள போய்ட்டா.

நாலையும் முடிச்சிட்டேன். ஒண்ணுகூட மட்டமில்ல. ஆகவே நடுவருங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நிரூபணம் ஆயிடுச்சி. இந்த வருஷப் பரிச ரத்து பண்ணிட்டு விக்டோரியா நாவல மறுபடி படிக்கணும்னு அறக்கட்டளைக்கு மனு எழுதியிருக்கேன், இதோட வெச்சிருக்கேன், நீங்களும் கையெழுத்துப் போடணும். ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் நேரா இங்க வந்துடுங்க. நான் சொன்னா கேக்க மாட்டா, அண்ணன் சொன்னா எழுதுவா.

பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் வீட்டில் சமாதானமும் சுகமும் குறையாமல் இருக்கக் கர்த்தரை வேண்டும்,

வரதன்

பி.கு: மச்சான், கையெழுத்துப் போட வேணாம். மனுவுல அதோட குத்தங்குறையயும் சேக்கறதுக்காக ஜெயிச்ச புக்கத் தேடினேன். நம்ம ஊட்டு அலமாரியிலயே ஒண்ணு கெடந்துச்சி, ஷைனி வாங்கினதா இருக்கும். பத்து பக்கம் பாக்கலாம்னு ஒக்காந்தேன், நூத்தி எம்பது ஆயிடுச்சி. அறுவது அடி தோண்டிட்டான், இன்னும் தண்ணி வர்ல. நடுவருங்க சரியாத்தான் பண்ணியிருக்காங்க. விக்டோரியாவுக்கு இது தெரிய வேணாம்.

அண்ணா, விக்டோரியா எழுதறேன். இந்தக் கவர ஒட்டி போஸ்ட்ல போடச் சொல்லி எங்கிட்டயேதான் குடுத்தாரு. அந்தப் புக்க விழா அன்னிக்கே நான்தான் வாங்கினேன். படிச்சிட்டு இத்தன நாளு கோவமா இருந்துச்சி, அவ்ளோ நல்லா எழுதியிருக்காரு. செவ்வாக்கிழம புதுசா ஒரு நோட்டு வாங்கினேன், இருவது பக்கம் ஆயிருக்கு. இவருகிட்ட சொல்லாத, தெருவுக்கே சொல்லிடுவாரு. நான் இத எழுதறப்போ உள் ரூம்ல இவரு அழற சத்தம் கேக்குது. கெணத்துல தண்ணி வந்துடுச்சி போல.